இந்தத் தெருவில் குடியிருப்பவர் எத்தனை பேர்?



சில மாதங்களாக எனக்கு வருகிற கடிதங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. "வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை. ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான். கொசு, நாற்றம், போதாக்குறைக்குப் பாம்பு. குழந்தையை வாசலில் விளையாட விட முடியவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்." மனு எழுதுங்கள், கவுன்சிலரைப் பாருங்கள் என்று நானும் பதில் எழுதி எழுதிக் கை வலித்துப் போயிற்று. இந்தத் தடவை வேறு மாதிரி பதில் சொல்கிறேன். இதே வியாதி முற்றிப் போய், 'இனிமேல் தேறாது' என்று எல்லோரும் கை கழுவிவிட்ட ஒரு தெருவின் கதை இது. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில் இருக்கிற டட்லி தெரு. 1996-ல் வந்த 'ஹோல்டிங் கிரவுண்ட்' என்ற டாக்குமென்டரிப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்தத் தெரு என் மனதை விட்டுப் போகவே இல்லை.

"அமெரிக்காவிலயா? அங்கே தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்னு எங்க மன்னி பிள்ளை சொல்லுவானே!" என்றார் பக்கத்து வீட்டு மாமி. இந்தப் பகுதிக்கு என்ன எழுதினாலும் முதலில் மாமியிடம் வாசித்துக் காட்டிவிடுவது என் வழக்கம். நீங்கள் கேட்க நினைக்கிற கேள்விகளையெல்லாம் அவர் முன்கூட்டியே கேட்டுவிடுவார்.

டட்லி தெரு நகரத்தின் நடு மையத்திலிருந்து 2 மைல் தூரம்கூட இல்லை. ராக்ஸ்பரி, வடக்கு டார்செஸ்டர் என்ற இரண்டு பேட்டைகளின் வழியாகப் போகிறது. 1950-களுக்குப் பிறகு அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. அந்த இடத்துக்குக் கறுப்பின மக்கள் வந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள கேப் வெர்டி தீவுகளிலிருந்து வந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களிலிருந்து ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் வந்தார்கள். உடனே பாங்குகள் அந்தப் பேட்டைக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. கூரை ஒழுகினால் பழுது பார்க்கக் கடன் கிடையாது. சரி, விற்றுவிட்டுப் போகலாமென்றால் வாங்க வருகிறவருக்கும் கடன் கிடையாது. வீட்டு விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று.

அப்போது வெளியூரில் உட்கார்ந்திருந்த சில வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிற்கிற வீட்டைவிட எரிந்த வீட்டுக்குப் பணம் அதிகம். எப்படி? இன்ஷூரன்ஸ்! ராத்திரி ராத்திரி வீடுகள் எரிந்தன. எரிந்து நின்ற சுவர்களை நகரசபை இடித்துத் தள்ளியது. 1980-களின் ஆரம்பத்தில் ஒன்றரைச் சதுர மைல் வட்டாரத்தில் சுமார் 1300 காலி மனைகள்! ஒரு வீட்டில் விளக்கு எரியும், அதற்கு இரண்டு பக்கமும் வெட்டவெளி. அந்த மாதிரி வீட்டில் பிள்ளை குட்டிகளோடு இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

காலி மனை இருந்தால் அடுத்தது என்ன வரும் என்பது நமக்குத் தெரியாததா? லாரிகள் வந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து கட்டிட இடிபாடு, பழைய டயர், உடைந்த பிரிட்ஜ், அழுகிய சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். யார் யாரோ பழைய கார்களைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள். அனுமதியே இல்லாமல் குப்பையைச் சேர்த்து வைத்து லாரி மாற்றி அனுப்புகிற நிலையங்களும் வீடுகளுக்கு நடுவிலேயே நடந்துகொண்டிருந்தன. கோடைக் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் நாற்றத்தைவிடப் பெரிய ஆபத்து, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. ஈயம். பழைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். வீடு எரிந்து இடிந்தபோது அது மண்ணில் சேர்ந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோல் புகையிலிருந்தும் சேர்ந்தது. தவழ்கிற குழந்தை, மண்ணில் கை வைத்து வாயில் வைத்துக்கொள்ளும். ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், படிப்பில் கவனத்தைக் குலைக்கும், சோகையையும் உண்டாக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு 2017-ல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே பழைய வீட்டுக் கதவு, ஜன்னல்களில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால் குழந்தை இருக்கும்போது சுரண்டாதீர்கள். அந்த இடத்தை ஈரத் துணியால் துடையுங்கள். விளையாடிவிட்டு வந்ததும், சாப்பிடுமுன்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாத குழந்தையின் உடம்பு ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். ஆகவே கீரை, கேழ்வரகு, பால் இதிலெல்லாம் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, கதைக்கு வருவோம்.

1984-ல் ரைலி பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனத்தின் நிர்வாகிகள் அந்தப் பக்கம் வந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொண்டு நிலையத்துக்கு நன்கொடை கொடுப்பது பற்றி முடிவு செய்யத்தான் வந்தார்கள். தெருவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் திக்கென்றாகிவிட்டது. ஒரு நிலையத்துக்குக் கொடுத்தால் போதாது, வட்டாரத்துக்கே ஏதாவது செய்யவேண்டும் என்று, அங்கே இயங்கிய தொண்டு நிலையங்களை எல்லாம் கூட்டிப் பேசினார்கள். திட்டம் தயாராயிற்று, நிர்வாகக் குழுவுக்கு எத்தனை பேர் என்பதும் முடிவாயிற்று. 1985 பிப்ரவரியில் ஒரு சர்ச்சில் கூட்டம் போட்டுக் குடியிருப்பவர்களுக்கு அறிவித்தார்கள்.

நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களில் எத்தனை பேர் இந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள்?

பதில் சொல்ல முடியவில்லை. குழுவிலும் குடியிருப்பவர்களுக்குச் சில இடங்கள்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

"அப்புறம் என்ன, கோவிச்சுண்டு எழுந்து போயிட்டாளா?" என்றார் மாமி. அப்படிப் போயிருந்தால் கதையே இல்லை. மேடையில் இருந்தவர்கள் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி எழுதினார்கள். குடியிருப்பவர்களின் கை ஓங்கி இருக்கும்படி குழு மாறிற்று. அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். கறுப்பினத்தவர், கேப் வெர்டியர், ஸ்பானிஷ் மொழிக்காரர், வெள்ளையர் என்று நான்கு வகையாருக்கும் சம எண்ணிக்கையில் இடம். ஜனத்தொகை விகிதப்படி வைத்திருந்தால் சின்னக் கூட்டத்தாரின் குரல் எடுபட்டிருக்காது. கூட்டங்களில் இங்கிலீஷ், ஸ்பானிஷ், கேப் வெர்டியரின் கிரியோல் ஆகிய மூன்று பாஷைகளிலும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். நேரம் பிடிக்கும்தான். ஆனால் சமையலறையிலிருந்து நேரே கூட்டத்துக்கு வருகிற ஒருத்திக்குத் தன் பாஷையில் பேசலாம் என்பது எவ்வளவு பெரிய தைரியம்! அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்த சே மாட்யுன் என்ற பெண்மணிதான் பல வருஷங்கள் சங்கத்தின் தலைவராக இருந்தார். 'டட்லி ஸ்ட்ரீட் நெய்பர்ஹுட் இனிஷியேடிவ்' என்பது அதன் முழுப் பெயர். நாம் டட்லி தெரு சங்கம் என்றே சொல்லிக்கொள்வோம்.

சங்கம் எடுத்த எடுப்பில் கட்டிடம் கட்டப் போகவில்லை. வீடு வீடாகப் போய் "உங்களுக்கு எது பெரிய தொந்தரவு?" என்று கேட்டார்கள். குப்பை என்று பதில் வந்தது. 1986-ல் 'எங்கள் மேல் கொட்டாதே' என்று கோஷம் வைத்துக் கிளம்பினார்கள். மனைகளைத் தாங்களே சுத்தம் செய்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், நகரசபைக்குப் படையெடுத்தார்கள். மேயர் ரே ஃப்ளின் நேரில் வந்து பார்க்கும்படி ஆயிற்று. சட்டவிரோதக் குப்பை நிலையங்களுக்குப் பூட்டு விழுந்தது. கேட்பாரற்றுக் கிடந்த கார்களை அப்புறப்படுத்தினார்கள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கென்னவோ இதுதான் அஸ்திவாரம் என்று படுகிறது. பத்து வருஷத்தில் வீடு வரும் என்றால் நம்புகிறவர்கள் கொஞ்சம். வீட்டெதிரே துருப்பிடித்து நின்ற கார் நாளைக்கு இல்லை என்றால், அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும். காலி மனையைப் பற்றி எனக்கு எழுதியிருக்கிற சகோதரிகள் இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் காரியம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு பருவத்துக்குள் முடிகிற மாதிரி இருக்கட்டும். நம் தமிழ்நாட்டிலும் கிராம சபை மாதிரி நகரங்களில் வார்டு அளவில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022-ல் ஆரம்பித்தன. தனியாகப் போய் நிற்காமல், தெருப் பெண்கள் பத்துப் பேர் ஒரே கோரிக்கையோடு போங்கள்.

அதற்குப் பிறகுதான் திட்டம். அதைப் போடுவதற்கு நிபுணர்களை வைத்தார்கள். அந்த நிபுணர்களைப் பேட்டி கண்டு பொறுக்கி எடுத்ததும் குடியிருப்பவர்களே. (நாம் சமையலுக்கு ஆள் வைக்கும்போதே எத்தனை கேள்வி கேட்கிறோம்!) 1987-ல் திட்டம் முடிந்தது. வானளாவும் மாடிக் கட்டிடம் எதுவும் அதில் இல்லை. குடும்பங்களுக்கேற்ற வீடுகள், நடந்து போகிற தூரத்தில் கடைகள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம், பிள்ளைகள் விளையாட மைதானம், எல்லோரும் கூட ஒரு பொது வெளி. பட்டணத்துக்கு நடுவில் ஒரு கிராமம் மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. நகரசபையும் அதையே தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் வந்தது. தெருவின் நடுப் பகுதியில் 60 ஏக்கருக்கு மேல் ஒரு முக்கோண வட்டாரம். அதில் ஏறக்குறையப் பாதி வெறும் மனை. அந்த வெறும் மனையிலும் பாதி நகரசபையுடையது; மீதி துண்டு துண்டாகத் தனியாருடையது. சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ, உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, வரி பாக்கி எவ்வளவோ! நாலு மனை சேர்ந்தால்தான் நாலு வீடு கட்டலாம். நடுவில் ஒன்று சிக்கிக்கொண்டால் அவ்வளவும் நின்றுவிடும். சங்கத்தார் துணிந்து ஒன்று கேட்டார்கள். நில ஆர்ஜிதம் செய்கிற அதிகாரத்தை எங்களிடம் கொடுங்கள் என்றார்கள்!

நில ஆர்ஜிதம் என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு வயிற்றில் புளி கரைக்கும். அவர்களுக்கும் அப்படித்தான். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் ஆர்ஜிதம் என்றால் ஏழைகளைக் கிளப்பிவிட்டுப் பெரிய ரோடு போடுவது என்று அர்த்தம். "நம்ம வீட்டையும் எடுத்துப்பாங்களோ?" என்று அண்டை அயலாரே பயந்தார்கள். குடியிருக்கிற எந்த வீட்டையும் தொடக்கூடாது, வெறும் மனையை மட்டுமே எடுக்கலாம், உரிய விலை கொடுக்கவேண்டும் என்று வரம்பு கட்டிக்கொண்ட பிறகுதான் ஊர் சமாதானமாயிற்று. 1988 நவம்பரில் பாஸ்டனின் மறு அபிவிருத்தி ஆணையம் அதிகாரத்தைக் கொடுத்தது. தெருச் சங்கம் ஒன்றுக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடைத்தது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை. நிலம் வாங்க ஃபோர்டு பவுண்டேஷன் 20 லட்சம் டாலர் கடனாகக் கொடுத்தது.

வாங்கிய நிலத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதைக் கேட்டு மாமி வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு பேட்டை அழகாகிவிட்டால் அடுத்து என்ன ஆகும்? வாடகை ஏறும். குப்பை அள்ளியவள், கூட்டம் போட்டவள், கையெழுத்து வாங்க வெயிலில் அலைந்தவள், எல்லோரும் வாடகை கொடுக்க முடியாமல் வேறு பேட்டைக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். அனுபவிக்க வேறு யாரோ வருவார்கள். இதை அவர்கள் முன்னாலேயே யோசித்துவிட்டார்கள். நிலத்தை விற்கவே இல்லை. 'டட்லி நெய்பர்ஸ்' என்று ஒரு நில டிரஸ்ட் அமைத்து அதன் பேரில் வைத்துவிட்டார்கள். வீடு வாங்குகிறவருக்கு வீடு சொந்தம். அடியில் இருக்கிற மனை டிரஸ்டுடையது, 99 வருஷக் குத்தகை. மனை விலை சேராததால் வீடு மலிவாகக் கிடைக்கும். விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். ஆனால் விற்கிற விலைக்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்து வருகிற சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாக வேண்டுமே!

"மனை இல்லாத வீட்டை எவன் வாங்குவான்? பட்டா இல்லேன்னா அது என்ன சொத்து?" என்று மாமி கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. லாபம் பார்க்க நினைக்கிறவருக்கு இது சரிப்படாது, உண்மைதான். வீட்டு விலை ஏறும்போது பக்கத்துத் தெருக்காரர் சம்பாதிக்கிற அளவு இவர் சம்பாதிக்க முடியாது. ஆனால் 2008-ல் அமெரிக்கா முழுவதும் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை பாங்குக்குப் பறிகொடுத்துவிட்டு நின்றபோது, டிரஸ்ட் நிலத்தில் இருந்த வீடுகளில் அப்படிப் போனது மிக மிக அபூர்வம். ஒரு குடும்பத்துக்கு வீடு வேண்டியது தலைக்கு மேல் கூரைக்கா, விற்றுக் காசாக்கவா? மாமியும் நானும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நம் பக்கத்து உறவு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரி நில டிரஸ்டுகளுக்கு முன்னோடி, 1969-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'நியூ கம்யூனிட்டீஸ்'. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், வினோபா பாவேயின் கிராமதானத்தைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தவர். வினோபா 1956-57-ல் தமிழ்நாடு முழுக்கக் கால்நடையாக நடந்து நிலம் கேட்டாரே, அதே இயக்கம்தான். அதில் ஊறி வளர்ந்த கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, கீழத்தஞ்சையில் நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கி, பெண்கள் பேரிலேயே பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

டட்லி தெருவில் 1990-களின் மத்தியில் புது வீடுகளில் பால் காய்ச்ச ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கு டிரஸ்ட் நிலத்தில் 225-க்கு மேற்பட்ட வீடுகள். 1300 மனைகளில் பாதிக்கு மேல் வீடாக, பூங்காவாக, தோட்டமாக, விளையாட்டிடமாக மாறியிருக்கின்றன. டட்லி தெருவும் புளூ ஹில் அவென்யூவும் சந்திக்கிற இடத்தில் பொது வெளி ஒன்றை அமைத்தார்கள். கோடையில் அங்கே உழவர் சந்தை கூடும். ஈயம் கலந்த மண் என்று சொன்னேனே, அதன் மேல் நல்ல மண்ணும் மக்கு உரமும் பரப்பிப் பாத்தி கட்டி, 'ஃபுட் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பு வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்டே காய்கறி போடுகிறது. பழைய கார் ரிப்பேர் ஷெட் இருந்த இடத்தில் 10,000 சதுர அடியில் கண்ணாடிக் குடில் போட்டிருக்கிறார்கள். வெளியே பனி பெய்கிற காலத்திலும் உள்ளே செடி வளர்கிறது. சங்கத்தின் நிர்வாகக் குழுவிலே 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, அவர்களுக்கும் ஓட்டு உண்டு.

எல்லாம் சுபம் என்று நான் சொல்ல வரவில்லை. வீடுகள் எழும்ப அவர்கள் நினைத்ததைவிட ரொம்ப நாள் பிடித்தது. தெரு முனையில் ஓடிக்கொண்டிருந்த மேல்பாலத்து ரயிலை 1987-ல் எடுத்துவிட்டார்கள். மாற்றாகச் சொன்ன புதுப் பஸ் வந்து சேர்ந்தது 2002-ல். பதினைந்து வருஷம்! அந்த ஜனங்களின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாஸ்டனில் வாடகையும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. டிரஸ்ட் நிலத்துக்கு வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்தப் பயம் தீரவில்லை.

அந்தத் தெரு போய்ச் சேருகிற சதுக்கத்துக்கும் டட்லி என்றே பெயர் இருந்தது. காலனி காலத்தில், அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த ஆட்சியில் பெரிய பதவியில் இருந்த தாமஸ் டட்லியின் பெயர். அதை 'நூபியன் சதுக்கம்' என்று மாற்றலாமா என்று 2019 நவம்பரில் நகரம் முழுவதும் கருத்து ஓட்டெடுப்பு நடந்தது. ஊர் மொத்தத்தையும் எண்ணியபோது வேண்டாம் என்ற ஓட்டுதான் அதிகம். சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களின் ஓட்டைத் தனியாகப் பார்த்தால், வேண்டும் என்பதே அதிகம். டிசம்பரில் பெயரை மாற்றிவிட்டார்கள். தெருவுக்கு மட்டும் இன்றைக்கும் பழைய பெயர்தான்.